சாளரமும் செவியும்: ஜெபல் அலியிலிருந்து குழந்தைகளோடு காரில்

வளைகுடா நாடுகளில் வளரும் தமிழ்க் குழந்தைகள், ஊரில் உள்ள அவர்களுடைய வயதொத்தவர்கள் நடந்தும் மிதிவண்டியிலும் டவுன் பஸ்ஸிலும் கடக்கும் தூரங்களை, கண்ணாடி ஏற்றிய காரின் பின்னிருக்கையில் அமர்ந்தபடியே கடக்கிறார்கள். துபாய் நகர மையத்துக்குத் தென்மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஜெபல் அலியையும் அதைச் சுற்றியுள்ள டிஸ்கவரி கார்டன்ஸ், தி கார்டன்ஸ், அல் ஃபுர்ஜான் போன்ற குடியிருப்புகளையும் எடுத்துக்கொண்டால், மருத்துவரைப் பார்ப்பதோ, பாட்டு வகுப்போ, நண்பர் வீட்டுப் பிறந்தநாளோ, கராமாவிலும் மீனா பஜாரிலும் மாதச் சாமான் வாங்குவதோ, எதற்கும் வண்டியை எடுத்தாக வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பகல் வெயிலில் நடந்து போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வீட்டுக்குள் அடுப்பும் தொலைக்காட்சியும் அலுவலக அழைப்புகளும் பங்குபோட்டுக்கொள்ளும் பெற்றோரின் கவனம் ஓரளவு முழுமையாகக் குழந்தைகளுக்குக் கிடைக்கும் இடம், பல குடும்பங்களில், இந்தக் கார்தான். ஆனால் அந்த நேரமும் குழந்தை கையில் டேப்லெட்டைக் கொடுத்து அமைதியை விலைக்கு வாங்குவதில் கழிந்துவிடுகிறது.

ஓடும் வண்டியில் கல்வி நுழைவதற்கு இரண்டு வாயில்களே உண்டு: ஒன்று சாளரம், மற்றொன்று செவி. வெளியே தெரிவதைக் கண்ணால் பார்த்து, உள்ளே பேசப்படுவதைக் காதால் கேட்டு நடக்கும் விளையாட்டுகளும் உரையாடல்களும் காருக்குப் பொருந்துகின்றன. தாளையும் திரையையும் மடியில் வைத்துச் செய்ய வேண்டியவை பொருந்துவதில்லை. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த அடிப்படையிலேயே அமைந்துள்ளது.

இருக்கையும் ஓட்டுநரும்

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2017 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கை கட்டாயம். பத்து வயது நிறைந்து, உயரமும் 145 சென்டிமீட்டரை எட்டினால்தான் முன்னிருக்கையில் அமரலாம். முன்னும் பின்னும் அமர்ந்திருப்போர் அனைவரும் பெல்ட் அணிந்திருக்க வேண்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்யும் ஊர்ப் பழக்கத்தை விடுமுறைக்கு வரும் தாத்தா பாட்டிகள் இங்கும் தொடர முற்படுவதுண்டு. அவர்களிடம் சட்டத்தைக் காட்டுவதைவிட, வண்டி திடீரென நிற்கும்போது மடியிலுள்ள குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது என்ற உண்மையை விளக்குவது எளிதில் பலன் தரும்.

விளையாட்டு எதுவானாலும் அதற்கு நடுவராக ஓட்டுநர் இருக்கக் கூடாது. விடை சரியா என்று பார்ப்பதும், மதிப்பெண்ணை நினைவில் வைப்பதும், சண்டையைத் தீர்ப்பதும் பக்கத்து இருக்கையில் உள்ளவருடைய வேலை. பெரியவர் ஒருவர் மட்டுமே வண்டியில் இருந்தால், நடுவரே தேவைப்படாத பாட்டு, கதை, சொல் விளையாட்டு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பாதை மாறும் இடங்களிலும், இடமும் வலமும் லாரிகள் நெருக்கும் இடங்களிலும், எல்லாரும் வாய்மூடும் விதியொன்றை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளலாம். ஓட்டுநர் “சிக்னல்” என்று ஒரு சொல் சொன்னால் ஆட்டம் அந்த நொடியே நிற்கும் என்ற ஏற்பாட்டைக் குழந்தைகள் வியக்கத்தக்க ஒழுங்கோடு பின்பற்றுகிறார்கள். குளிர்கால அதிகாலையில் அபுதாபி திசையில் செல்வோருக்கு இது இன்னும் முக்கியம். 2008 மார்ச் 11 அன்று கந்தூத் அருகே மூடுபனியில் பல பத்து வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக்கொண்ட சாலை அதுதான். மூடுபனி நாட்களில் அபுதாபி எல்லைக்குள் மின்பலகைகள் வேக வரம்பை 80 ஆகக் குறைத்துக் காட்டும். அந்தப் பலகையைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பைப் பின்னிருக்கைக்கு ஒப்படைக்கலாம்.

திரை ஏன் உதவுவதில்லை

உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு உடல் நகர்வதாக மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்க, மடியில் உள்ள திரையையோ புத்தகத்தையோ பார்க்கும் கண் எதுவும் நகரவில்லை என்று சொல்லுமானால், இரண்டு செய்திகளும் முரண்பட்டுக் குமட்டல் உண்டாகிறது. பயணக் குமட்டல் எனப்படும் இந்தத் தொல்லை இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. கண்ணைத் தொலைவுக்கு, குறிப்பாக வண்டியின் முன்கண்ணாடி வழியே தெரியும் சாலைக்குத் திருப்புவதே முதல் மருந்து. ஆகவே பின்னிருக்கையின் நடுவில், பாதுகாப்பு இருக்கைக்கு இடமிருந்தால், குமட்டல் உள்ள குழந்தையை அமர்த்துவதும், அடிவானத்தைப் பார்க்கச் செய்யும் விளையாட்டுகளைத் தேர்ந்தெடுப்பதும் கல்விக்கும் வயிற்றுக்கும் ஒருசேர உதவுகின்றன. திரையை அடியோடு விலக்க வேண்டும் என்பதில்லை. இரவுத் திரும்பலில், வெளியே எதுவும் தெரியாத நேரத்தில், ஒலிக்கதையாகவோ பாட்டாகவோ அது பயன்படட்டும்.

பெட்டிகளின் எண்கணிதம்

ஜெபல் அலிக் குழந்தைகளுக்கு வாய்த்திருப்பதுபோன்ற பாடப்பொருள் உலகில் வெகு சில இடங்களிலேயே கிடைக்கும். 1979-இல் திறக்கப்பட்ட ஜெபல் அலித் துறைமுகம், மனிதரால் தோண்டி உருவாக்கப்பட்ட துறைமுகங்களுள் உலகிலேயே மிகப் பெரியது. அதை ஒட்டி 1985-இல் ‘ஜாஃப்ஸா’ எனச் சுருக்கமாக வழங்கும் ஜெபல் அலி கட்டற்ற வணிக மண்டலம் தொடங்கப்பட்டது. இந்த இரண்டினாலும் இப்பகுதிச் சாலைகளில், குறிப்பாக ஜாஃப்ஸா வாயில்களுக்கு அருகிலும் இ-311, இ-611 எனப்படும் நெடுஞ்சாலைகளிலும், கன்டெய்னர் எனப்படும் சரக்குப் பெட்டகங்களைச் சுமந்த டிரெய்லர்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. பெரியவர்கள் அவற்றை நெரிசலாகவே காண்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் படித்து அறியத்தக்க செய்தி எழுதப்பட்டுள்ளது.

பெட்டியின் கதவில் நான்கு ஆங்கில எழுத்துகளும் அவற்றை அடுத்து ஆறு இலக்கங்களும், இறுதியில் கட்டத்துக்குள் ஓர் இலக்கமும் இருக்கும். முதல் மூன்று எழுத்துகள் பெட்டிக்கு உரிமையுள்ள நிறுவனத்தைக் குறிக்கின்றன. நான்காவது எழுத்து ஏறக்குறைய எப்போதும் ‘யு’, அது சரக்குப் பெட்டகம் என்பதன் அடையாளம். ஆறு இலக்கங்கள் அந்தப் பெட்டிக்குரிய வரிசை எண். அவற்றின் கீழே உள்ள இன்னொரு குறியீட்டில் முதல் இலக்கம் 2 என்றால் நீளம் 20 அடி, 4 என்றால் 40 அடி. அந்தக் குறியீட்டின் நடுவில் ‘ஆர்’ என்ற எழுத்து வந்தால் அது குளிரூட்டிய பெட்டி, உள்ளே மீனோ பழமோ இறைச்சியோ மருந்தோ இருக்கக்கூடும். ஐந்து வயதுக் குழந்தை நிறத்தை எண்ணலாம். ஏழு வயதுக் குழந்தை இருபதடியையும் நாற்பதடியையும் பிரித்துச் சொல்லலாம். குளிர்ப்பெட்டியை முதலில் கண்டவருக்கு இரட்டை மதிப்பெண் தரலாம்.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டத்துக்குள் இருக்கும் அந்த ஒற்றை இலக்கமே விருந்து. அதற்குச் சரிபார்ப்பு இலக்கம் என்று பெயர். யாராவது எண்ணைத் தட்டச்சு செய்யும்போது ஓர் எழுத்தை மாற்றிவிட்டால் கணினி உடனே கண்டுபிடிப்பதற்காக அது சேர்க்கப்பட்டுள்ளது. அது கணக்கிடப்படும் முறை இது: ‘ஏ’ என்ற எழுத்துக்கு 10, ‘பி’க்கு 12 என்று, பதினொன்றின் மடங்குகளான 11, 22, 33 ஆகியவற்றை மட்டும் தாண்டி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கப்படுகிறது; பிறகு பத்து இடங்களையும் முறையே 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே 512 வரை செல்லும் எண்களால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்தால் எஞ்சும் மீதியே கட்டத்துக்குள் இருக்கும் இலக்கம். சி-எஸ்-கியூ-யு 305438 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால், எழுத்துகளின் மதிப்பு 13, 30, 28, 32, கூட்டுத்தொகை 6,185, அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. மீதி 10 ஆக வந்தால் 0 என்று எழுதப்படும். ஓடும் வண்டியில் இதைச் செய்து முடிக்க முடியாது, முயலவும் கூடாது. சிக்னலில் நிற்கும்போது எண்ணை மனப்பாடம் செய்து, வீட்டுக்குப் போனபின் தாளில் சரிபார்ப்பதே முறை. பதினொரு எழுத்தெண்களை இருபது நிமிடம் மறக்காமல் காப்பதும் ஒரு பயிற்சிதான். ஓட்டுநர் எண்ணைப் பார்ப்பதற்காக டிரெய்லருக்குப் பக்கவாட்டில் வண்டியை நிலைநிறுத்துவது அபாயகரமானது என்பதால், தானாகக் கண்ணில் படும் பெட்டிகளை மட்டும் படிக்க வேண்டும்.

இந்தப் பெட்டிகளின் வரலாறும் சொல்லத்தக்கது. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து ஏற்றி இறக்கிய நாள்கணக்கான வேலை அதன்பின் மணிக்கணக்காகச் சுருங்கியது. தூத்துக்குடியிலோ சென்னையிலோ துறைமுகத்தில் வேலை செய்த தாத்தா குடும்பத்தில் இருந்தால், பெட்டிகள் வருவதற்கு முன்னால் சரக்கு எப்படி ஏற்றப்பட்டது என்று அவரைத் தொலைபேசியில் கேட்கும்படி குழந்தையிடம் சொல்லலாம். இங்கு மாலை 6 மணி என்றால் அங்கு இரவு 7.30 என்ற கணக்கும் அதிலேயே வந்துவிடும்.

குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது

ஷேக் சாயித் சாலை எனப்படும் இ-11 வழியாக அபுதாபி நோக்கிச் செல்லும்போது கடல் வலப்புறத்திலும் பாலைநிலம் இடப்புறத்திலும் இருக்கும்; திரும்பி வரும்போது இரண்டும் இடம் மாறும். திசையறிவுக்கான முதல் பாடத்தை இதிலிருந்தே தொடங்கலாம். அந்தக் கடல் பக்கத்தில் வரிசையாகத் தெரியும் உயரமான புகைபோக்கிகள் ஜெபல் அலி மின்னுற்பத்தி மற்றும் கடல்நீர்க் குடிநீராக்கும் வளாகத்தைச் சேர்ந்தவை. நாளொன்றுக்கு 49 கோடி இம்பீரியல் காலன், அதாவது ஏறத்தாழ 220 கோடி லிட்டர், குடிநீர் உருவாக்கும் திறன் அந்த வளாகத்துக்கு உண்டு. சென்னைக்கு அருகே மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் இயங்கத் தொடங்கிய ஆலைகள் ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரவல்லவை. ஜெபல் அலி எத்தனை மீஞ்சூருக்குச் சமம் என்ற கேள்விக்கு விடையைக் குழந்தையே வகுத்துச் சொல்லட்டும்.

முறையிலும் வேறுபாடு உண்டு. மீஞ்சூரில் கடல்நீர் மிக நுண்ணிய சவ்வின் வழியே அழுத்தத்தோடு தள்ளப்படுகிறது. உப்பு பின்தங்க, நீர் மட்டும் கடந்துவிடுகிறது. ஜெபல் அலியின் பெரும்பகுதியில், மின்சாரம் உற்பத்தியாகும்போது வீணாகும் வெப்பத்தைக் கொண்டு கடல்நீர் ஆவியாக்கப்பட்டுக் குளிர்விக்கப்படுகிறது. சாம்பார் கொதிக்கும்போது மூடியின் உட்புறத்தில் திரளும் துளிகளில் உப்பு இருக்காது என்பதை அன்றிரவே சமையலறையில் நக்கிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம். மூடி ஆறியபின்.

வன்னி மரம்

அமீரகத்தின் தேசிய மரமாகிய காஃப், தமிழர்களுக்கு வன்னி என்ற பெயரில் நெடுங்காலமாக அறிமுகமானது. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் தல மரம் அதுவே. அயல்நாட்டில் பிறந்து வளரும் குழந்தைக்கு, பள்ளியில் அந்நாட்டுத் தேசிய அடையாளமாகப் படித்த மரமும், தன் அப்பத்தா ஊரில் வலம் வந்த மரமும் ஒன்றே என்று தெரியவரும்போது இரு ஊர்களுக்கும் இடையே ஏற்படும் உறவு, பெற்றோரின் எந்த அறிவுரையாலும் ஏற்படுவதில்லை. வேரை 30 மீட்டர் ஆழம் வரைகூடச் செலுத்தி நிலத்தடி ஈரத்தைத் தேடும் இம்மரம், பாலையில் ஒட்டகத்துக்குத் தழையும் மனிதருக்கு நிழலும் தருகிறது.

இங்கு ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பெரும் தொல்லையாகிவிட்ட சீமைக் கருவேலமும் வன்னிக்கு நெருங்கிய உறவு. அமீரகத்திலும் அது பரவியுள்ளது. தூரத்திலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சீமைக் கருவேலத்தில் நீண்ட முட்கள் இலை முளைக்கும் கணுவில் இரட்டையாக அமைந்திருக்கும்; வன்னியில் சிறிய முட்கள் கணுக்களுக்கு இடைப்பட்ட கிளைப்பகுதியில் சிதறிக் காணப்படும். இந்த வேறுபாட்டை ஓடும் காரிலிருந்து காண முடியாது என்பதால், குளிர்கால விடுமுறை நாளொன்றில் அல் குத்ரா ஏரிகளுக்கோ, இயற்கையான வன்னிக் காடு உள்ள முஷ்ரிஃப் பூங்காவுக்கோ சென்று, இறங்கி, கிளையைத் தொடாமல் அருகில் நின்று பார்க்க வேண்டும். ஒருமுறை அப்படிப் பார்த்தபின், சாலையோர மரங்களை வன்னி, வேம்பு, பேரீச்சை என்று பிரித்துச் சொல்லும் ஆட்டத்தைக் குழந்தைகளே தொடங்கிவிடுவார்கள்.

செவி வழி: தமிழ்

தமிழைப் பாடமாகக் கற்பிக்காத பள்ளியில் படிக்கும் குழந்தைக்கு வாரத்தில் தமிழ் கேட்கும் நேரம் வீடும் காரும் மட்டுமே. அதற்காக ஏறியவுடன் “ஆங்கிலத்தில் பேசக் கூடாது” என்று ஆணையிட்டால், கார் இன்னொரு வகுப்பறையாகிக் குழந்தை வாயைத் திறக்காமலே இருந்துவிடும். தமிழ் இல்லாமல் ஆட முடியாத ஆட்டங்களைக் கொண்டுவருவதே சிறந்த உத்தி.

சொல் அந்தாதி அவற்றுள் முதன்மையானது. ஒரு பாடலின் இறுதி அடுத்த பாடலின் தொடக்கமாக வரும் யாப்பு அமைப்பே அந்தாதி. அதைச் சொல்லளவுக்குச் சுருக்கினால், ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். ஆங்கிலத்தில் உள்ள இதுபோன்ற ஆட்டத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் இரண்டாம் சொல்லிலேயே ஆட்டம் நின்றுவிடும்; ஏனெனில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசை எழுத்துகள் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. ஆகவே இரண்டு விதிகள் தேவை. கடைசி எழுத்தின் மெய் மாறாமல் உயிர் மட்டும் மாறலாம் என்பது முதல் விதி: கதவு என்றால் வானம், வானம் என்றால் மீசை, மீசை என்றால் சாவி, சாவி என்றால் விமானம். மொழிக்கு முதலில் வராத எழுத்தில் முடியும் சொல்லைச் சொன்னவர் ஒரு புள்ளி இழப்பார் என்பது இரண்டாம் விதி. மணல், கடல், கப்பல், கார் என்று ஜெபல் அலியில் கண்ணில் படுபவை பலவும் இந்த ஆட்டத்தில் முட்டுச்சந்துகளாக அமைந்திருப்பது தற்செயலான வேடிக்கை. ‘மொழிமுதல் எழுத்துகள்’ என்று இலக்கண நூல் பெயரிட்டுச் சொல்வதைப் பெயர் தெரியாமலே குழந்தை அரை மணி நேரத்தில் கற்றுவிடுகிறது. சிறு குழந்தைகள் லாரி, ரயில், டயர் என்று வந்தேறிய சொற்களால் தப்பிக்க முயன்றால் அனுமதிப்பதில் தவறில்லை. எட்டு வயதுக்கு மேல் அந்தச் சலுகையை விலக்கிக்கொள்ளலாம்.

நம்பர் பிளேட்டைத் திருக்குறளோடு இணைக்கும் ஆட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் கணக்கு தேவைப்படும். முன்னால் செல்லும் வண்டியின் எண்ணில் கடைசி மூன்று இலக்கங்களை எடுத்துக்கொண்டு, அது எத்தனையாவது அதிகாரத்தைச் சேர்ந்த குறள் என்று சொல்ல வேண்டும். அதிகாரத்துக்குப் பத்துக் குறள் என்பதால், கடைசி இலக்கத்தை நீக்கி ஒன்றைக் கூட்டினால் அதிகார எண் கிடைத்துவிடும்: 742 என்றால் 75-ஆம் அதிகாரம், அரண். பூஜ்யத்தில் முடிந்தால் மட்டும் ஒன்றைக் கூட்டக் கூடாது. 740 என்பது 74-ஆம் அதிகாரமாகிய நாட்டின் கடைசிக் குறள். 380 வரை அறத்துப்பால், அதிலிருந்து 1080 வரை பொருட்பால் என்ற எல்லைகளையும் சேர்த்துக்கொண்டால், குறள் ஒன்றுகூட மனப்பாடம் இல்லாத குழந்தைக்கும் நூலின் கட்டமைப்பு பழகிவிடும். தெரிந்த குறளைச் சொன்னால் கூடுதல் மதிப்பெண். தெரியாத குறளைப் பெற்றோரும் சொல்லத் தெரியாமல் விழிப்பது குழந்தைகளுக்கு இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய கவர்ச்சி.

விடுகதை போடுவதைவிட விடுகதை கட்டச் சொல்வது மேலானது. ஒரு பொருளின் இரண்டு இயல்புகளை எடுத்து, அவை ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும்படி சொல்வதே விடுகதையின் கட்டுமானம். நெடுஞ்சாலைக்கு இணையாகத் தூண்களின்மேல் ஓடும் மெட்ரோ ரயில் 2009 செப்டம்பர் 9 முதல் ஓட்டுநர் இல்லாமல் இயங்குகிறது, அதைக் கொண்டு, “தலையில் ஆளில்லை, வயிறு நிறைய ஆள், தரையில் கால் வைக்காது, தடம் மாறிப் போகாது” என்று ஒரு குழந்தை கட்டினால், எதுகையும் மோனையும் தாமாகவே வந்து அமர்வதைக் காணலாம். பாட்டுக்குப் பாட்டு எல்லாக் குடும்பங்களுக்கும் தெரிந்ததே. திரைப்பாடலோடு நாட்டுப்புறப் பாடலும் தாலாட்டும் செல்லும் என்று விதியைத் தளர்த்தினால் பாட்டிகளும் போட்டியில் வெல்ல முடியும்.

சாலிக்கும் வேகமும்

சாலைச் சுங்கமான சாலிக் குழந்தையின் முதல் கணக்குப்பதிவேடு ஆகலாம். 2025 ஜனவரி இறுதியிலிருந்து நெரிசல் நேரங்களில் 6 திர்ஹம், மற்ற நேரங்களில் 4 திர்ஹம், நள்ளிரவு 1 மணியிலிருந்து காலை 6 மணி வரை கட்டணமில்லை என்று மாறியுள்ளதால், எந்த நேரத்தில் கிளம்பினால் எவ்வளவு மிச்சம் என்பதைக் குழந்தையிடமே கேட்டுப் பயணத்தைத் திட்டமிடலாம்.

வேகக் கணக்கு இன்னும் பயனுள்ளது. 100 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 60 நிமிடமும், 120-இல் 50 நிமிடமும், 140-இல் ஏறத்தாழ 43 நிமிடமும் ஆகும். முதல் 20 கிலோமீட்டர் வேகக் கூடுதல் பத்து நிமிடத்தையும், அடுத்த 20 ஏழு நிமிடத்தையுமே மிச்சப்படுத்துகின்றன என்பதைக் குழந்தை கண்டுபிடித்துச் சொன்னபின், ஓட்டும் தந்தைக்குக் காலை அழுத்துவது கொஞ்சம் கடினமாகிவிடும். துபாயில் கேமரா வேக வரம்புக்கு மேல் 20 வரை விட்டுக்கொடுக்கும். 2018 ஆகஸ்ட் முதல் அபுதாபியில் அந்தச் சலுகை இல்லை. எல்லைப் பலகை எங்கே வருகிறது என்று பார்த்துச் சொல்வதும் பின்னிருக்கையின் வேலையாகலாம்.

வெயிலில் நிற்பவர்கள்

சாளரத்தின் வழியே மனிதர்களும் தெரிகிறார்கள். நீலச் சீருடையோடு சாலையோரத்தில் வேலை செய்பவர்களையும், லேபர் கேம்புக்குத் திரும்பும் பேருந்துகளில் தலை சாய்த்துத் தூங்குபவர்களையும் காட்டி, “படிக்காவிட்டால் இப்படித்தான்” என்று சொல்லும் வழக்கம் பல தமிழ்க் குடும்பங்களில் உள்ளது. குழந்தைக்குக் கற்பிக்கப்படும் பாடங்களில் இதைவிட மோசமான ஒன்றைத் தேடிப் பிடிப்பது அரிது. அந்தப் பேருந்துகளில் இருப்பவர்களுள் இராமநாதபுரத்துக்காரரும் கடலூர்க்காரரும் இருக்கிறார்கள். கார் ஓடும் சாலையையும் குடும்பம் குடியிருக்கும் கட்டடத்தையும் எழுப்பியவர்கள் அவர்கள். ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை நேரடி வெயிலில் திறந்தவெளி வேலை தடை செய்யப்பட்டிருக்கிறது என்பதையும், அது ஏன் தேவைப்பட்டது என்பதையும் குழந்தையிடம் சொல்வது, சட்டம் என்றால் என்ன என்ற பாடத்துக்கு நல்ல தொடக்கம்.

இறங்கிப் பார்க்க

ஜெபல் அலியைச் சுற்றியே பல நிறுத்தங்கள் உண்டு. 2005-இல் திறக்கப்பட்ட இப்னு பதூதா மாலைப் பொருள் வாங்கும் இடமாக மட்டும் காண்பது வீண். 1304-இல் மொராக்கோவின் தாஞ்சியரில் பிறந்த அந்தப் பயணி, இலங்கையில் புத்தளத்தில் யாழ்ப்பாண மன்னர் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்து, சிவனொளிபாத மலை ஏறி, பின்னர் மதுரை சுல்தானின் அவைக்கும் வந்தவர். மாலின் இந்தியப் பகுதியில் உள்ள யானைக் கடிகாரம், 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல் ஜஸரி தம் நூலில் விவரித்த நீர்க்கடிகாரத்தின் வடிவம். ஜெபல் அலி வழிபாட்டுத் தல வளாகத்தில் 2012-இல் திறக்கப்பட்ட குருத்வாராவும், 2022 அக்டோபரில் திறக்கப்பட்ட இந்துக் கோயிலும், தேவாலயங்களும் நடந்தே போகும் தொலைவில் அமைந்துள்ளன.

அபுதாபி சாலையில் அபு முரைக்காவில் 2024 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்ட பாப்ஸ் கோயில், ராஜஸ்தானின் இளஞ்சிவப்பு மணற்கல்லைக் கொண்டு, இரும்பு சேர்க்காமல் கட்டப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்த குழந்தையிடம், கருங்கல்லும் மணற்கல்லும் எப்படி வேறுபடுகின்றன என்று கேட்கலாம். ஹத்தா, ஃபுஜைரா பக்கம் செல்லும் நீண்ட பயணங்களில் ஹஜர் மலைத்தொடர் குறுக்கிடும். அந்தக் கரும்பழுப்புப் பாறைகளின் பெரும்பகுதி சுமார் 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடித் தரையாக இருந்து, நிலத்தட்டுகளின் அழுத்தத்தால் மேலே தள்ளப்பட்டவை. அதைச் சொல்லிவிட்டு மலையைப் பார்க்க விட்டால் போதும். கேள்விகள் தாமாக வரும்.

ஃபுஜைராவிலிருந்து கோர்ஃபக்கான் செல்லும் வழியில் மத்ஹா என்ற ஓமன் நாட்டுத் துண்டு நிலம் அமீரகத்துக்குள் முழுவதும் சூழப்பட்டுக் கிடக்கிறது. அந்த மத்ஹாவுக்குள் நஹ்வா என்ற ஷார்ஜாவின் ஊர் ஒன்று இருக்கிறது. காகிதத்தில் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்து, எந்த வட்டத்தில் நின்றால் எந்த நாட்டில் இருப்பதாகப் பொருள் என்று பிள்ளைகள் தங்களுக்குள் வாதிடட்டும். அந்தப் பக்கம் போவதற்கு முன் கைப்பேசியில் ரோமிங்கை அணைத்துவிடுவது நல்லது. ஓமன் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு அது பில்லை ஏற்றிவிடக்கூடும்.